பிரா பட்டையில் ஒரு சென்சார்

கூன் போட்டு உட்கார்ந்தால் அதிர்ந்து எச்சரிக்கும் கருவிகளுக்குள் இருப்பது முடுக்கமானி என்ற சில்லு. கடுகைவிடச் சற்றே பெரியது. செல்பேசியைச் சாய்த்தால் திரை திரும்புவதும் இந்த வகைச் சில்லால்தான். உள்ளே சிலிக்கான் விற்களில் மிக நுண்ணிய எடை ஒன்று தொங்குகிறது. புவியீர்ப்பு அதை எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதிலிருந்து சாய்வு தெரிந்துவிடும். மேல்முதுகு 10 டிகிரி முன்னே சாய்ந்தாலே, முன்பக்கமாக ஈர்ப்பின் ஆறில் ஒரு பங்கு பதிவாகும். அளப்பது பெரிய வித்தை இல்லை.

எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி. சில்லுக்குத் தான் ஒட்டியிருக்கும் இடத்தின் சாய்வு மட்டுமே தெரியும். முதுகெலும்பின் வளைவு தெரியாது. அமெரிக்காவின் லூமோ நிறுவனம் முதலில் விற்றது இடுப்புப் பட்டை. உடலை ஒட்டிய சட்டைக்குள் அது துருத்தும். அடுத்து வந்த லூமோ லிஃப்ட் காந்தத்தால் உடையைக் கவ்விக்கொள்ளும் சிறு வில்லை. பெண்கள் அதை பிரா பட்டையிலும் மாட்ட முடிந்தது. நல்ல யோசனைதான். தொளதொள குர்த்தியின் துணி உடலோடு அசையாது, பட்டை அசையும். ஆனால் பட்டை தோளிலிருந்து நழுவினால் சென்சாரும் கூடவே நழுவும். இஸ்ரேலில் உருவான அப்ரைட் கோ நேரே முதுகுத் தோலில் ஒட்டுவது. துல்லியம் கூடும், வியர்வையும் அகலக் கழுத்து ரவிக்கையும் அதற்குப் பகை.

பேனாவை எடுக்கக் குனிந்ததற்கெல்லாம் கருவி அதிர்ந்தால் ஒரே நாளில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். அதனால் சாய்வு சிறிது நேரம் நீடித்த பிறகே அதிரும்படி வைக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு நேரத்தை அணிபவரே மாற்ற முடிவது, என் பார்வையில், செயலியில் வரும் வண்ண வரைபடங்களைவிடப் பயனுள்ளது.

எது நேர் என்பதைக் கருவி தானாக அறியாது. நாம் நிமிர்ந்து உட்கார்ந்து, இதுதான் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் இது சிக்கலாகிறது. வயிற்றின் பாரம் முன்னே இழுக்க, பெண் தன்னையறியாமல் கீழ்முதுகைப் பின்னுக்கு வளைத்துச் சமன்செய்கிறாள். அதற்கேற்ற அமைப்பு எலும்பிலேயே இருக்கிறது: இந்த வளைவுக்கு இடம்தரும் ஆப்பு வடிவம் ஆணின் கீழ்முதுகில் இரண்டு முள்ளெலும்புகளிலும் பெண்ணுக்கு மூன்றிலும் பரவியிருப்பதை 2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆக, மூன்றாம் மாதம் பதிந்த ‘நேர்’ எட்டாம் மாதத்துக்குப் பொருந்தாது. அதைப் பிடிவாதமாக வற்புறுத்தும் கருவி, உடல் செய்யும் சரியான வேலையைத் தவறென்று அதிர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்.