சர்க்கரையை நிறுத்தியும் வெயிட் குறையலையா? முக்கியம் சர்க்கரையா, மொத்த கலோரியா?

உடல் எடையைக் குறைக்க முடிவு செய்ததும் பலர் முதலில் நிறுத்துவது டீ, காபியில் போடும் சர்க்கரையைத்தான். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சர்க்கரை இல்லாத டீ குடித்தும் எடை அப்படியே நின்றால், "இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் ஏன் குறையல?" என்ற சலிப்பு வந்துவிடுகிறது. உண்மையில் எடையைத் தீர்மானிப்பது சர்க்கரையா, நாள் முழுக்கச் சாப்பிடும் மொத்த கலோரியா? விரிவாகப் பார்க்கலாம்.

கணக்கு எங்கே தப்புகிறது?

ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி. தினமும் மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் மொத்தம் ஆறு ஸ்பூன். அதாவது சுமார் 25 கிராம், 100 கலோரி. இதை நிறுத்தினால் நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் "ஹெல்தியான ஸ்நாக்ஸ்" என்று 30 கிராம் வறுத்த வேர்க்கடலையைக் கூடுதலாகச் சாப்பிட்டால், சுமார் 170 கலோரி உள்ளே போய்விடும். நிறுத்தியதைவிட சேர்ந்ததுதான் அதிகம்.

எண்ணெயும் அப்படித்தான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, தோசைக்கும் பொரியலுக்கும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் எடை குறையாது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 42 பெண்களுக்கு 6 வாரங்கள் தினமும் சுமார் 1,100 கலோரி உணவு கொடுக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு அந்தக் கலோரியில் 43 சதவீதம் சர்க்கரை. மற்றொரு குழுவுக்கு 4 சதவீதம் மட்டுமே. இரண்டு குழுவிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. கலோரி சமமாக இருந்ததே காரணம்.

அப்போ சர்க்கரை சாப்பிடலாமா?

அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வில் உணவு அளந்து கொடுக்கப்பட்டது. வீட்டில் யாரும் அப்படி அளந்து சாப்பிடுவதில்லை.

உலக சுகாதார அமைப்புக்காகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான அறிக்கை, இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டியது. வழக்கம்போல விரும்பியதைச் சாப்பிட்டவர்கள் சர்க்கரையை மட்டும் குறைத்தபோது, சராசரியாக 0.8 கிலோ எடை குறைந்தது. சர்க்கரையை எடுத்துவிட்டு, அதே கலோரிக்கு வேறு மாவுச்சத்து கொடுத்தபோது எடையில் மாற்றம் இல்லை.

சர்க்கரை எடையை ஏற்றுவது பெரும்பாலும் கலோரி வழியாகத்தான். குறிப்பாகக் குளிர்பானங்கள். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கும் அதிகமான சர்க்கரை இருக்கும். அதைக் குடித்தாலும் வயிறு நிறையாது. சாப்பாட்டின் அளவும் குறையாது.

நாட்டுச் சர்க்கரை, தேன் பரவாயில்லையா?

எடை விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே கலோரி தருபவைதான். "சுகர் ஃப்ரீ" என்று போட்ட பிஸ்கட்டிலும் மாவும் கொழுப்பும் இருக்கும்.

என்ன செய்யலாம்?

* குளிர்பானம், பாக்கெட் ஜூஸை முதலில் நிறுத்துங்கள்.
* டீயில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறையுங்கள். மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே சர்க்கரை இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.
* நிறுத்தியதற்குப் பதிலாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள்.
* எண்ணெயை ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள்.
* பருப்பு, முட்டை, காய்கறியைக் கூட்டி, சோற்றின் அளவைக் கொஞ்சம் குறையுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் திடீரென உணவைக் குறைக்கக் கூடாது. ரத்த சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

மொத்தத்தில், எடையை முடிவு செய்வது கலோரிதான். அந்தக் கலோரியைக் குறைக்க எளிதான முதல் படி சர்க்கரை. ஆனால் அந்த ஒரு படியோடு நின்றுவிட்டால் எடையும் அங்கேயே நின்றுவிடும்.