கூடங்குளம் அணுமின் உற்பத்தியின் பொருளியல்

கூடங்குளம் அணுமின் நிலையம் என்பது தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் உருசிய ஒத்துழைப்புடன் அமைக்கப்பட்ட மின் நிலையம் ஆகும். இதற்கான ஒப்பந்தத்தில் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1988 இல் கையெழுத்திட்டன. கட்டுமானம் 2002 இல் தொடங்கியது. தலா 1000 மெகாவாட் திறனுடைய முதலிரு உலைகள் முறையே 2014, 2017 ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கின. இவற்றிலிருந்து 925 மெகாவாட் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

செலவின் அமைப்பு

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியே பெருஞ்செலவு. அணுமின் நிலையத்திலோ எரிபொருட் செலவு குறைவு. கட்டுமான முதலீடும் அதற்கான வட்டியுமே மின்விலையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே பணி நீளும்போது, மின்சாரம் விற்பனைக்கு வருமுன்னரே வட்டி பெருகுகின்றது. முதலிரு உலைகளுக்கு 13,171 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு 17,270 கோடியாகவும், பின்னர் 22,462 கோடியாகவும் உயர்ந்தது. புகுசிமா விபத்தை அடுத்து, 2011 இல் இடிந்தகரையை மையமாகக் கொண்டு எழுந்த மக்கள் போராட்டத்தால் பணிகள் தாமதமடைந்தன. எனினும் 2007 ஆம் ஆண்டுக்கான தொடக்க இலக்கு அதற்கு முன்பே தவறியிருந்தது.

எதிர்காலம்

3, 4 ஆம் உலைகளின் கட்டுமானம் 2017 இலும், 5, 6 ஆம் உலைகளின் கட்டுமானம் 2021 இலும் தொடங்கின. 2047 க்குள் 100 கிகாவாட் அணுமின் திறனை எட்டும் இலக்கை இந்திய அரசு 2025 இல் அறிவித்தது.

சூரிய மின்சாரம் மலிவானது. ஆனால் இரவில் கிடைப்பதில்லை. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பெரிதும் நம்பியுள்ளன. அணு உலை இரவு பகலாக இயங்கவல்லது. எனவே இவற்றை ஒப்பிடுகையில், சூரிய, காற்று மின்சாரத்துடன் சேமிப்புச் செலவையும், அணு மின்சாரத்துடன் கழிவு மேலாண்மை, உலையைக் கலைத்தல் ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும்.