கோதுமையை ஏற்காத குடல்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு இருக்கிறது. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் ஏரிகளில், ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இங்குள்ள ஏரிதான். 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் சிதைவுகளை இன்றும் அங்கே காணலாம். ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் சோறும் மீன் குழம்பும்தான் முக்கிய உணவு.

அந்தக் குப்பங்களில் ஒன்றில் உங்கள் வயதுள்ள மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம். எடை ஏறவில்லை. மாத்திரை சாப்பிட்டும் இரத்தசோகை தீரவில்லை. பரிசோதித்த மருத்துவர், "இது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை மூன்றையும் இனித் தொடக்கூடாது" என்கிறார். அவளும் பரோட்டாவையும் பிஸ்கட்டையும் விட்டுவிடுகிறாள். வயிற்றுப்போக்கு நிற்கிறது. ஆனால் ஆறு மாதம் கழிந்தும் உப்புசமும் களைப்பும் போகவில்லை. "கோதுமையைத்தான் நிறுத்திவிட்டேனே, பிறகும் ஏன்?" என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். விடை காண முயல்வோம்.

ஒரு சோதனை

ஒரு கைப்பிடி கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து அரைமணி நேரம் வையுங்கள். பிறகு தண்ணீரில் மெல்லப் பிசைந்து கழுவுங்கள். வெண்மையான மாவுச்சத்து கரைந்து போகும். கடைசியில் ரப்பர்போல் இழுபடும் ஒரு பொருள் கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்னும் புரதம். அரிசி மாவை இவ்வாறே கழுவிப் பாருங்கள், ஒன்றும் மிஞ்சாது. பரோட்டா மாவு கிழியாமல் விரிவதற்கு இந்தக் குளூட்டனே காரணம். (சீலியாக் நோய் உள்ளவர்கள் இச்சோதனையைச் செய்ய வேண்டாம்.)

சாதாரணப் புரதங்களை நம் நொதிகள் சிறு துண்டுகளாக உடைத்துவிடுகின்றன. குளூட்டனின் சில துண்டுகள் மட்டும் முழுமையாக உடைவதில்லை. பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை. சிலருடைய உடலின் பாதுகாப்பு அமைப்போ அத்துண்டுகளைப் பகைவன் என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அடிபடுவது அவர்களின் சொந்தச் சிறுகுடலே.

துண்டின் இழைகள்

குளித்துவிட்டுத் துவட்டும் பூந்துவாலையைப் பாருங்கள். அதிலுள்ள ஆயிரக்கணக்கான நூல் சுருள்கள் அதன் பரப்பைப் பெருக்குகின்றன. அதனால்தான் நீரை நன்றாக உறிஞ்சுகிறது. சிறுகுடலின் உட்சுவரிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமுள்ள குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. இவற்றாலும் இவற்றின் மேலுள்ள நுண்ணிழைகளாலும் உறிஞ்சும் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் ஆகிறது. சீலியாக் நோயில் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. பூந்துவாலை வெறுந்துணி ஆகிவிடுகிறது! எவ்வளவு சாப்பிட்டாலும் இரும்புச்சத்தும் கால்சியமும் வைட்டமின்களும் போதுமான அளவு உடலில் சேருவதில்லை.

கோதுமைதான் குற்றவாளி என்று காட்டியவரும் ஒரு டச்சுக்காரரே. அவர் வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். ரொட்டியின் மீது அவருக்கு முன்பே ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரினால் ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் மக்கள் பட்டினி கிடந்தனர். அப்போது இந்நோயுள்ள குழந்தைகள் மோசமடையவில்லை. ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1950-இல் தம் ஆய்வேட்டில் இதை அவர் நிறுவினார்.

தொல்லை ஏன் நீடிக்கிறது?

இனி நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். முதற் காரணம் காலம். பகை நீங்கினாலும் குடலுறிஞ்சிகள் ஒரே நாளில் வளர்ந்துவிடுவதில்லை. சிறுவர்களுக்கு விரைவில் ஆறலாம். பெரியவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்.

இரண்டாவது, ஒளிந்திருக்கும் கோதுமை. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். ரவையும் சேமியாவும் பெரும்பாலும் கோதுமையே. மால்ட் பானங்களில் பார்லி உண்டு. கடையில் பூரி பொரித்த எண்ணெயில் மீனைப் பொரித்தாலும், மில்லில் கோதுமைக்குப் பிறகு அதே எந்திரத்தில் கேழ்வரகை அரைத்தாலும் குளூட்டன் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்கிறீர்களா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 2.5 கிராம் குளூட்டன் இருக்கும். நோயாளி ஒரு நாளில் தாங்கக்கூடியது சுமார் 10 மில்லிகிராம். அதாவது ஒரு சப்பாத்தியை 250 துண்டுகளாக்கினால் அதில் ஒரே ஒரு துண்டு!

மூன்றாவது, பால். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை உடைக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் உண்டாகிறது. நுனி தேய்ந்தால் நொதியும் குறையும். உடையாத லாக்டோஸ் பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது, அதுவே உப்புசம். குடல் ஆறும்வரை பாலைக் குறைத்துத் தயிர், மோர் எடுத்துக்கொண்டால் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

நான்காவது, பழைய பற்றாக்குறை. நோய் தெரியாதிருந்த காலத்தில் இழந்த இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, வைட்டமின் டி ஆகியவற்றை ஈடுசெய்யாமல் களைப்பு தீராது. எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும். இவையெல்லாம் சரியாகியும் தொல்லை நீடித்தால் மருத்துவர் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மருந்து அடுப்பங்கரையில்

இந்நோயைக் குணப்படுத்தும் மாத்திரை இன்னும் வரவில்லை, உணவே மருந்து. இதில் பழவேற்காட்டுப் பெண் கொடுத்து வைத்தவள்! அரிசியில் அவளுக்குத் தீங்கு செய்யும் குளூட்டன் இல்லை. மடவையும் இறாலும் நண்டும் புரதமும் பி12-உம் தருகின்றன. முள்ளோடு தின்னும் நெத்திலியில் கால்சியம் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அதை வீட்டிலேயே சுத்தம் செய்து தனியாக அரைத்தால் போதும். கீரையும் பருப்பும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் நார்ச்சத்தும் கொடுக்கும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும்.

"இது வடநாட்டார் நோய், நமக்கென்ன?" என்று எண்ண வேண்டாம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 23,331 பேரைப் பரிசோதித்தது. வடக்கே 1.23 விழுக்காட்டினருக்கும் தெற்கே 0.10 விழுக்காட்டினருக்கும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருந்தன. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு எல்லாப் பகுதிகளிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இருந்தது! பெரிய வேறுபாடு உணவில்தான்: நாள் ஒன்றுக்குக் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். நம் தட்டில் பரோட்டாவும் பிஸ்கட்டும் நூடுல்ஸும் பெருகிவரும்போது நம் மருத்துவர்களும் நாமும் விழிப்பாக இருக்க வேண்டும் அல்லவா?

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஐயம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் குறைந்து, பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம். நோயென்று உறுதியானால் அந்தப் பத்தியம் ஆயுள் முழுவதற்கும். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பர் இருந்தால், "ஒரு வாய் பரோட்டாவால் என்ன ஆகிவிடும்?" என்று வற்புறுத்தாதீர்கள். அந்த 250 துண்டுக் கணக்கு உங்களுக்குத் தெரியுமே!