தொண்டு இயக்கங்களின் பாதுகாப்பு: தெனாகானித்தா வழக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

சமுதாயத் தொண்டில் ஈடுபடும் அரசு சாரா இயக்கங்களும் அவற்றின் ஊழியர்களும் எத்தகைய அச்சுறுத்தல்களுக்கு உள்ளாகின்றனர், அவற்றிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இதற்கு நம் நாட்டின் தெனாகானித்தா இயக்கத்தைச் சான்றாகக் கொள்கிறோம்.

'மகளிர் ஆற்றல்' எனப் பொருள்படும் பெயருடைய இவ்வியக்கத்தை 1991ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நிறுவியவர் ஐரின் பெர்னாண்டஸ். சுங்கைப் பட்டாணியில் பிறந்து, ஆசிரியப் பணியைத் துறந்து தொண்டுக்கு வந்தவர் இவர். 300க்கும் மேற்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி, தடுப்பு முகாம்களின் அவலநிலை குறித்து 1995இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். 1996 மார்ச்சில் கைது செய்யப்பட்ட அவர்மீது, 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின்கீழ், தீய நோக்குடன் பொய்ச்செய்தி வெளியிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. ஏழாண்டு விசாரணைக்குப் பின்னர், 2003 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருந்த காலத்தில் பிணையில் வெளியே இருந்தாலும், அவருடைய கடப்பிதழ் நீதிமன்றத்தின் வசம் இருந்தது; 2004 பொதுத் தேர்தலில் போட்டியிடவும் இயலவில்லை. 2008 நவம்பர் 24ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இவ்வழக்கிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம்.

முதலாவது, காலமே ஓர் அச்சுறுத்தலாக அமையக்கூடும். தீர்ப்பு எதுவாயினும், பன்னிரண்டு ஆண்டு வழக்கு ஓர் இயக்கத்தின் பொருளையும் உழைப்பையும் உறிஞ்சிவிடும். எனவே, வழக்கு நிதியும் வழக்கறிஞர் தொடர்பும் முன்கூட்டியே அமைந்திருத்தல் வேண்டும். தலைவர் ஒருவரையே நம்பி நில்லாமல் பொறுப்புகள் பகிரப்படுதலும் இன்றியமையாதது. ஐரின் 2014இல் மறைந்த பின்னரும் தெனாகானித்தா தொடர்ந்து இயங்கியமை நோக்கத்தக்கது.

இரண்டாவது, ஆவணமே அரண். விசாரணைக் குறிப்புகள் முழுமையாக இல்லாத நிலையில், அரசுத் தரப்பு மேல்முறையீட்டை எதிர்க்கவில்லை. ஐரின் விடுதலை பெற்றார். ஆயினும் தொழிலாளர்கள் சொன்னவை மெய்யா என்னும் வினாவை உயர்நீதிமன்றம் எடைபோடும் வாய்ப்பு அமையாமற் போயிற்று. நீதிமன்ற ஏடே குறைபடக்கூடுமெனில், இயக்கங்கள் தம் ஆவணங்களை நாளிட்டு, படியெடுத்து, வெவ்வேறிடங்களில் பேணுவதன் தேவை விளங்கும்.

மூன்றாவது, சான்று கூறியவரின் பாதுகாப்பு. பெயரை வெளியிட்டால் அவருக்குத் தீங்கு நேரலாம். மறைத்தால் சான்றின் வலிமை குன்றும். இவ்விக்கட்டுக்குப் பெயர்ப்பட்டியலை ஓரிடத்திலும் வாக்குமூலத்தை வேறிடத்திலும் வைத்து, இரண்டையும் குறியீட்டெண்ணால் இணைப்பதே ஏற்புடைய முறை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கை சார்ந்த தரவுகளையே தழுவுகிறது. ஆதலால், வணிகம் சாராத தொண்டுப் பணிகளில் இப்பொறுப்பு பெரிதும் இயக்கங்களின் மனச்சான்றைச் சார்ந்ததாகிறது.

இன்றைய அச்சுறுத்தல் நீதிமன்றத்தோடு நின்றுவிடுவதில்லை. 2020 ஏப்ரலில் ரோஹிங்கியா அகதிகளுக்கு எதிரான வெறுப்புரைகள் சமூக ஊடகங்களில் பெருகின. அத்தகைய சூழலில், ஒரு தொண்டரின் இல்ல முகவரி பரவுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அம்பாங் வட்டாரத்தில் அகதிக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அரசுப் பள்ளிகளில் சேர இயலாத அகதிப் பிள்ளைகள் நாடுவது சமூகக் கற்றல் மையங்களையே. அங்குக் கற்பிக்க முன்வரும் ஆசிரியர்களின் தனிப்பட்ட கைப்பேசி எண்களை விளம்பரங்களில் தவிர்த்தல், மாணவர் படங்களை வெளியிடாமை, மிரட்டல் வந்தால் அதனை அழிக்காமல் பதிவு செய்து காவல் துறையிடம் புகார் அளித்தல் ஆகியவை எளியனவாயினும் பயன்மிக்கவை.

1998 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற மனித உரிமைக் காவலர் பிரகடனம், இத்தகையோரைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என வலியுறுத்துகிறது. அப்பொறுப்பில் நமக்கும் பங்குண்டு. தோட்டப்புறங்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் கள ஆய்விற்காக மாணவர்களை அனுப்பும் நாம், தகவலாளியின் பெயரைப் பின்னிணைப்பில் அச்சிடும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். நம்மிடம் மனம் திறந்து பேசியவர் அதன் பொருட்டு இன்னலுறாமல் காப்பது ஆய்வறத்தின் முதற்கடனாகும்.