அம்மா ஏன் இரவில தண்ணி குடிக்கேல்ல? கேம்பர் வான் பம்பின் சத்தத்தை அடக்கின கதை



இந்தக் கிழமை எபிசோட்டில கேம்பர் வானை நடமாடும் ஒஃபிஸ் ஆக்கிறதைப் பற்றிக் கதைச்சனாங்கள். பற்றரி, சோலார், வைஃபை எல்லாம் வந்தது. ரெக்கோர்டிங் முடிஞ்ச பிறகுதான் ஒண்டை விட்டிட்டம் எண்டு விளங்கிச்சு: தண்ணிப் பம்ப். அதை இங்க எழுதுறன்.

போன கோடையில அம்மா அப்பாவை வேல்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போக இருந்தன். அதுக்கு முன்னம் ஒரு டெஸ்ட் ரன்னாக, தென்கிழக்கு லண்டனில அபி வூட் கரவன் சைட்டில ரெண்டு இரவு நிண்டம். முதல் இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு அப்பா கை கழுவப் பைப்பைத் திறந்தார். சீற்றுக்குக் கீழ இருந்து 'டர்ர்ர்ர்' எண்டு ஒரு சத்தம், எல்லாரும் எழும்பிட்டம். "இது வானோ, தோட்டத்து இறைப்பு மெசினோ?" எண்டார் அப்பா. சிரிச்சுப்போட்டுப் படுத்திட்டம்.

அடுத்த நாள் காலமை பார்த்தா, அம்மாவின்ர கப் கழுவி வைச்சபடியே இருக்கு. இரவு ஒரு மிடறும் குடிக்கேல்ல. ஏன் எண்டு கேட்டன். "ஏன் சும்மா எல்லாரையும் எழுப்புவான்?" எண்டா. நீரிழிவு இருக்கிற ஆள், விடியும்வரை தாகத்தோட கிடந்திருக்கிறா. அதுவரைக்கும் அந்தச் சத்தம் எனக்கு ஒரு பகிடிதான். அன்றைக்குத்தான் அது திருத்தவேண்டிய பழுதாகத் தெரிஞ்சுது.

பம்ப் எப்படி வேலை செய்யுது?

பெரும்பாலான கேம்பர் வான்களில் இருப்பது 12 வோல்ட் டயபிரம் பம்ப். இங்கே அடிக்கடி காணும் ஒன்று ஷுர்ஃப்ளோ ட்ரெயில் கிங் 7: நிமிடத்துக்கு 7 லீற்றர், 20 பிஎஸ்ஐ அழுத்தம். மோட்டர் சுத்தும்போது உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வுகள் மாறி மாறித் தண்ணியை உறிஞ்சித் தள்ளும். அதனால் தண்ணி ஒரே ஓட்டமாக வராது, துடிச்சுத் துடிச்சுத்தான் வரும். கூடவே ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கும். பைப்பைத் திறந்தால் அழுத்தம் விழும், பம்ப் ஓடும். பூட்டினால் அழுத்தம் 20க்கு ஏறும், பம்ப் நிற்கும்.

இப்ப ஃபோனை வைப்ரேற்றில் போட்டு மேசையில் வையுங்கோ. மேசையே உறுமும். கையில் எடுத்தால் சத்தம் அடங்கிவிடும். பம்பும் அப்படித்தான். அது போடுகிற சத்தத்தில் பெரும்பங்கு, அதைப் பூட்டியிருக்கிற மெல்லிய பலகையில் இருந்துதான் வருகிறது.

முதல்ல டிபக்

சாமான் வாங்க முன்னம் பிழை எங்கே என்று பாருங்கோ. 12 வோல்ட் ஃபியூஸை எடுத்துவிட்டு, பம்பின் ஸ்குரூக்களைக் கழற்றி, அதை ஒரு மடித்த துவாயில் வையுங்கோ. குழாயைக் கழற்றத் தேவையில்லை. ஃபியூஸைத் திருப்பிப் போட்டுப் பைப்பைத் திறவுங்கோ. சத்தம் நல்லாக் குறைஞ்சால், பிழை பம்பில் இல்லை, பூட்டின விதத்தில்.

என்ர வானில் மூன்று பிழை இருந்தது.

1. கால். பம்போடு ரப்பர் கால்கள் வரும். என்னுடையதில் ஆரோ ஸ்குரூவை முழுப்பலத்தோடு இறுக்கி ரப்பரை நசுக்கியிருந்தார்கள். நசுங்கின ரப்பர் அதிர்வைத் தாங்காது, அப்படியே பலகைக்குக் கொடுத்துவிடும். பம்ப் அசையாத அளவுக்கு மட்டும் பூட்டினால் போதும். கீழே ஒரு தடித்த ரப்பர் துண்டும் வைச்சன்.

2. குழாய். பல வான்களில் 12 மிமீ விறைப்பான பிளாஸ்டிக் குழாய்தான் ஓடும். பம்பின் துடிப்பை அது அலுமாரிவரை கொண்டுபோகும். பம்பின் இரண்டு பக்கமும் அரை மீற்றர் அளவுக்கு வளையக்கூடிய, குடிதண்ணிக்கு உகந்த குழாய் போடுங்கோ. உறிஞ்சும் பக்கத்துக் குழாய் உள்ளே வலை வைச்சதாக இருக்கவேணும், இல்லாட்டில் சப்பிப்போகும். தள்ளிப் பூட்டுகிற இணைப்புகள் இங்கே லேசாகக் கிடைக்கும். அவற்றில் பேர்போன ஜோன் கெஸ்ட் கம்பனி எங்கட வெஸ்ட் ட்ரேட்டனில்தான் இருக்கு. குழாய் பலகையைத் தொடுகிற இடமெல்லாம் ஃபோம் சுத்துங்கோ.

3. அக்கியுமுலேற்றர். இரவுச் சத்தத்துக்கு முக்கியமான மருந்து இதுதான். பைப்பைக் கொஞ்சமாகத் திறந்தால், பம்ப் தள்ளுகிற அளவுக்குத் தண்ணி வெளியே போகாது. உடனே அழுத்தம் ஏறி பம்ப் நிற்கும். தண்ணியை அமுக்க ஏலாதபடியால் அடுத்த கணமே அழுத்தம் விழுந்து திரும்ப ஓடும். நிற்கும், ஓடும், நிற்கும், ஓடும். அந்த 'டர்ர்ர்ர்' இதுதான். அக்கியுமுலேற்றர் என்பது நடுவில் ரப்பர் சவ்வு உள்ள ஒரு சின்ன டாங்கி: ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணி. காற்று அமுங்கும், விரியும். எங்கட பாஷையில், அது ஒரு பஃபர். உங்கட வீட்டு கொம்பி பொயிலருக்குள்ள இருக்கிற எக்ஸ்பான்ஷன் வெசலும் இதே கதைதான். பம்புக்கு அடுத்து, தண்ணி வெளியே போகும் பக்கத்தில் பூட்டுங்கோ. பம்பை நிறுத்தி, பைப்பைத் திறந்து அழுத்தத்தை இறக்கின பிறகுதான் காற்றழுத்தத்தைப் பார்க்கவேணும். பம்ப் திரும்பத் தொடங்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் சரி. சைக்கிள் பம்பே போதும்.

இன்னும் சில அறிகுறிகள்

பைப் எல்லாம் பூட்டியிருக்க, இடைக்கிடை பம்ப் ஒரு செக்கன் ஓடி நிண்டால், பெரும்பாலும் எங்கேயோ ஒழுகுது. இருமுற மாதிரித் தண்ணி விட்டு விட்டு வந்தால் டாங்கியில் தண்ணி குறைவு, அல்லது காற்று உள்ளே போகுது, அல்லது வடி அடைச்சிருக்கு. வடியைக் கழற்றிக் கழுவ ஐந்து நிமிடம் காணும்.

சத்தத்துக்குப் பயந்து பம்பை ஃபோமால் முழுக்க மூடாதேங்கோ. மோட்டர் சூடாகும். குளிர்காலத்தில் வானைச் சும்மா விடமுன்னம் பம்பில் இருக்கிற தண்ணியையும் வடியவிடுங்கோ. உறைஞ்சால் உடையும்.

எனக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் முழுக்கப் போச்சு. பம்ப் மாத்தேல்ல, பழசுதான் இன்னும் ஓடுது. வேல்ஸில ரெண்டாம் இரவு, பாதி நித்திரையில ஒரு சின்ன முனகல் கேட்டுது, உடனே நிண்டுது. அப்பாவின்ர குறட்டை அதைவிடப் பெரிசு. காலமை அம்மாவின்ர கப்பில அடியில கொஞ்சத் தண்ணிதான் மிச்சம்.

உங்கட வானில வேற மாதிரிச் சத்தம் வந்தா, ஃபோனில ரெக்கோர்ட் பண்ணி இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்கோ. அடுத்த எபிசோட்டில போட்டுக் கேப்பம்.