மையில்லா எழுதுகோல்

பாறையிலும் சுவரிலும் துணியிலும் தாளிலும் உருவங்களை எழுதி மகிழ்ந்த மனிதன், இன்று கணிப்பொறியின் திரையிலும் எழுதுகின்றான். இவ்வோவியத்திற்கு மை வேண்டுவதில்லை. வண்ணக் கிண்ணம் வேண்டுவதில்லை. தூரிகையைக் கழுவ நீரும் வேண்டுவதில்லை. மேசைமீது மெல்லிய பலகை ஒன்று கிடக்கின்றது. ஓவியன் அதன்மேல் ஒரு கோலை ஓட்டுகின்றான். பலகையில் ஒரு சுவடும் தோன்றுவதில்லை. எதிரே உள்ள திரையிலோ, ஒரு முதியவரின் முகம் மெல்ல மெல்ல உருப்பெறுகின்றது. இதனைக் காண்போர் பலர், 'எந்திரமே படம் வரைகின்றது' என்று எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை, அக்கருவியின் இயல்பை அறிந்த பின்னரே கூறுதல் இயலும்.

இக்கருவி ஒரு நாளில் பிறந்ததன்று. 1963-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஐவான் சதர்லண்டு என்பவர், ஒளிக்கோல் ஒன்றினால் கணிப்பொறியின் திரைமீதே கோடு வரையும் முறையைச் செய்து காட்டினார். 'ஸ்கெட்ச்பேட்' என்பது அதன் பெயர். ஆயினும், எழுந்து நிற்கும் திரைமுன் கையை நெடுநேரம் தூக்கிப் பிடித்தல் அயர்வு தருவதாகும். மேசைமேல் வைத்து எழுதத்தக்க பலகையை 1964-இல் ராண்டு என்னும் ஆராய்ச்சிக் கழகத்தார் அமைத்தனர். ஏறத்தாழப் பத்து அங்குலச் சதுரமான அப்பலகை, கோலின் முனை நிற்கும் இடத்தைப் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகளுள் இன்னதென்று பிரித்தறிந்தது. 1973-இல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆராய்ச்சி நிலையத்தில் ரிச்சர்டு ஷூப் என்பவர் அமைத்த 'சூப்பர்பெயின்ட்', 256 வண்ணங்களைக் கொண்டு தீட்டும் வசதியை அளித்தது. வரைபலகைகளால் புகழ்பெற்ற வாக்கம் நிறுவனம் 1983-இல் ஜப்பானில் தோன்றியது. 1990-இல் 'போட்டோஷாப்' என்னும் மென்பொருளும், 1991-இல் கரியையும் எண்ணெய் வண்ணத்தையும் ஒப்பத் தீட்டவல்ல 'பெயின்டர்' என்னும் மென்பொருளும் வெளிவந்தன. இன்று 'கிரிட்டா' போன்ற மென்பொருள்களை விலையின்றியே எவரும் பெறலாம்.

வரைபலகை கோலின் இடத்தை எவ்வாறு அறிகின்றது? பலகையின் உள்ளே மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் அமைந்துள்ளன. அவற்றில் மாறிமாறி ஓடும் மின்சாரம், பலகைக்கு மேலே வலிமை குறைந்த காந்தப் புலத்தை உண்டாக்குகின்றது. கோலின் உள்ளே சிறு கம்பிச் சுருள் ஒன்று உண்டு. காந்தப் புலத்தினின்று ஆற்றலைப் பெற்று, அச்சுருள் தன் குறிப்பைப் பலகைக்கே திருப்பி அனுப்பும். எந்தக் கம்பிகளில் அக்குறிப்பு மிக வலிதாகக் கேட்கின்றதோ, அவற்றினருகே கோல் உள்ளதென்று பலகை உணர்கின்றது. ஆதலின், இவ்வகைக் கோலுக்கு மின்கலம் தேவையில்லை. கையை அழுத்தினால் அக்குறிப்பு சிறிது மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு அழுத்தத்தின் அளவும் அறியப்படும். இக்காலப் பலகைகள் சில, மெல்லத் தொடுவதற்கும் வன்மையாக அழுத்துவதற்கும் இடையே 8192 படிகளைப் பிரித்தறிகின்றன. அழுத்தினால் தடித்தும் தளர்த்தினால் மெலிந்தும் கோடு செல்வது இதனாலேயாம். கையின் உறுதியும் நடுக்கமும் அப்படியே திரையில் பதிகின்றன.

திரையில் தோன்றும் படம் நுண்ணிய சதுரங்களால் ஆனது. அவற்றைப் பிக்சல் என்பர். ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளிக்கும் 256 படிகள் இருப்பின், அவற்றின் கலப்பால் 1,67,77,216 வண்ணங்கள் கிட்டும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம், வழக்கமான ஏ4 தாளில் அச்சிடத்தக்க படத்திற்கு ஏறத்தாழ 87 இலட்சம் பிக்சல்கள் வேண்டும். சிறிய அளவில் வரைந்து பின்னர்ப் பெரிதாக்கினால் படம் மங்கும். ஆதலால், எத்துணைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுதல் நன்று.

இனி, கதைமாந்தர் ஒருவரின் உருவம் எவ்வாறு எழுகின்றது என்பதைக் காண்போம். சிறுவர் கதை ஒன்றிற்கு முதிய தபால்காரர் ஒருவரை வரைய வேண்டும் எனக் கொள்வோம். பழகிய ஓவியன் உடனே கண்ணையும் மூக்கையும் எழுதத் தொடங்கான். முதலில், பெருவிரல் அளவில் பத்துப் பன்னிரண்டு கரிய நிழலுருவங்களை விரைந்து தீட்டுவான். முகமும் பொத்தானும் இல்லாத அந்நிழலைக் கண்ட அளவிலேயே, 'இவர் நெடுங்காலம் பை சுமந்து நடந்தவர்' என்று தோன்ற வேண்டும். பை தொங்கிய தோள் தாழ்ந்திருக்கும். உடல் மறுபுறம் சற்றே சாயும். நிழலில் தோன்றாத குணத்தைப் பின்னர்ச் சேர்க்கும் அணிகலன்களால் தோற்றுவித்தல் அரிது.

அடுத்து உறுப்புகளின் அளவு. வளர்ந்த மனிதரின் உயரம், அவர்தம் தலையைப்போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு. பிறந்த குழந்தைக்கோ நான்கு மடங்கே. இவ்வியல்பை அறிந்தவனே, கதைக்கு ஏற்றவாறு தலையைப் பெரிதாக்கவும் காலைக் குறுக்கவும் வல்லவன் ஆவான். பின்னர்க் கோட்டோவியம் எழும். வண்ணம் பூசாது கோட்டளவில் நிற்கும் ஓவியத்தைப் பண்டைத் தமிழர் 'புனையா ஓவியம்' என்றனர். புதிய கருவியிலும் அந்நிலையைக் கடந்தே வண்ணத்திற்குச் செல்ல வேண்டும்.

மென்பொருளின் சிறந்த வசதி, 'லேயர்' எனப்படும் அடுக்கு முறையாகும். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல, கோடு ஓர் அடுக்கிலும், வண்ணம் ஓர் அடுக்கிலும், நிழல் ஓர் அடுக்கிலும் அமையும். ஒன்றைத் திருத்தினால் மற்றவை கெடா. இவ்வெண்ணமும் கணிப்பொறிக்கு முற்பட்டதே. 1914-ஆம் ஆண்டிலேயே ஏர்ல் ஹர்டு என்னும் அமெரிக்கர், இயங்கும் ஓவியங்களுக்காக ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாள்களை அடுக்கும் முறைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார்.

நிழலைப் படியவைக்கும் முறை ஒன்று, பள்ளிக் கணக்கையே பயன்கொள்கின்றது. முழு ஒளியை ஒன்று எனவும், முழு இருளைச் சுழி எனவும் கொண்டு, மேலடுக்கின் ஒளியளவையும் கீழடுக்கின் ஒளியளவையும் கணிப்பொறி பெருக்குகின்றது. அரையை அரையால் பெருக்கின் கால் ஆகுமன்றோ? ஆதலின் நிழல் விழுந்த இடம் இருள்கின்றது. தபால்காரர் சட்டையின் காக்கி நிறமோ அந்நிழலினூடே தெரிகின்றது. ஆனால், ஒளி எப்பக்கத்திலிருந்து வருகின்றது, மூக்கின் நிழல் எங்கு விழும் என்பவற்றைக் கணிப்பொறி கூறாது. காலை வெயிலில் நிற்பவரை உற்று நோக்கிய கண்ணே கூறும்.

வசதிகள் பெருகுமிடத்து இடர்களும் உண்டு. தவறிய கோட்டை ஒரு தட்டலில் நீக்கிவிடலாம். இது நன்மையே, எனினும், ஒரே கோட்டை நாற்பது முறை வரைந்து அழிப்பவனுடைய கை துணிவை இழக்கும். படத்தைப் பன்மடங்கு பெருக்கிக் காண்பதும் எளிது. ஆனால், ஓர் இமைமயிரை ஒரு மணி நேரம் திருத்தியவன், முழு உருவத்தைக் காணும்போது கழுத்து கோணியிருப்பதைக் கண்டு வருந்த நேரும். ஆதலின், அடிக்கடி படத்தைச் சிறிதாக்கியும் இடவலமாகத் திருப்பியும் பார்ப்பது ஓவியர் வழக்கம். ஓவியத்தைக் கண்ணாடியில் நோக்கினால் குறைகள் நன்கு புலப்படும் என்று, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லியொனார்டோ டா வின்சி எழுதிவைத்தார். அவர் கூறிய கண்ணாடி இன்று மென்பொருளில் ஒரு பொத்தானாகி உள்ளது.

கை ஓரிடத்தும் கண் மற்றோரிடத்தும் இருப்பதால், புதிதாகப் பழகுவோரின் கோடுகள் தொடக்கத்தில் தடுமாறும். விலையுயர்ந்த பலகையை வாங்கிய மறுநாளே அழகிய உருவம் எழவில்லை என்று மனம் தளர்ந்து, அதனை மூலையில் வைத்தோரும் உளர். குறை பலகையினுடையதன்று, பயிற்சியின் குறையே. பலகை இல்லாதவர்க்கும் வழி அடைபடவில்லை. ஒரு பென்சிலும் பழைய நோட்டுப் புத்தகமும் கொண்டு, கடைத்தெருவிலும் பேருந்து நிலையத்திலும் காணும் மக்களை வரைந்து பழகுபவன், பின்னொரு நாள் பலகையைத் தொடும்போது விரைவில் தேர்ச்சி பெறுவான்.

2022-ஆம் ஆண்டு முதல், சில சொற்களைக் கொடுத்த அளவிலேயே படத்தை ஆக்கித் தரும் மென்பொருள்களும் பரவியுள்ளன. அவை, மனிதர் ஆக்கிய எண்ணற்ற படங்களைக் கொண்டு பழக்கப்பட்டவை. 'இனி வரையக் கற்பது எதற்கு?' என்னும் ஐயம் இதனால் எழுகின்றது. தபால்காரரின் தாழ்ந்த தோளைப் படத்தில் பெறுதல் வேறு. தெருவில் நடந்து செல்லும் ஒருவரின் தோள் தாழ்ந்திருப்பதைக் கண்டு, 'இவர் எத்துணை ஆண்டு சுமந்தாரோ' என்று எண்ணுதல் வேறு. வரையக் கற்பவன் பெறும் முதற்பயன் படமன்று. பிறரை உற்று நோக்கும் பழக்கமே. மையில்லா எழுதுகோல் அழுத்தத்தை அளக்கும், இடத்தை அறியும், வண்ணத்தைக் கலக்கும். கண்ட பொருளின்மேல் அன்பு கொள்ளும் நெஞ்சை மட்டும் ஓவியனே கொண்டுவர வேண்டும்.