கல்வெட்டு பார்க்கப் போகிறவனுக்கு எந்தப் பை?

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கோயில். பெயர் வேண்டாம். நான் போய்ச் சேர்ந்தபோது மணி 11:40. பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். அதிட்டானத்தின் குமுதத்தில், முழங்கால் உயரத்தில், ஐந்தாறு வரி வட்டெழுத்து. ரொம்பத் தேய்ந்துபோனது. டார்ச் பையின் அடியில் துணிக்குக் கீழே கிடந்தது. டிரைபாடில் கேமராவை மாட்டும் தகடு எந்த அறையில் என்று தெரியவில்லை. வேட்டி, சார்ஜர், லேப்டாப் என ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். குருக்கள் எட்டிப் பார்த்து, "என்ன சார், குடித்தனமே வந்துட்டேளா?" என்றார்.

எல்லாம் கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. ஃபிளாஷ் போட்டு நேராக இரண்டு படம் எடுத்தேன். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. படத்தில் இருந்தது வெறும் கல். மூன்று மாதம் கழித்துப் போனால் திருப்பணி முடிந்து அந்தக் குமுதத்தின்மேல் சாம்பல் நிற பெயின்ட் அடித்திருந்தார்கள். போச்சு.

பையை அப்படி அடுக்கினவன் நான்தான், அதைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? ஆனால் அதற்குப் பிறகுதான் பையைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன். அதே சமயத்தில் முதுகும் பேச ஆரம்பித்தது. நாற்பத்து நாலு வயது, இருபது வருட நாற்காலி வேலை. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வியே, "என்ன பை தூக்குறீங்க?"

என் பயணம் இப்படி. வெள்ளி இரவு ஆபீசிலிருந்து நேராக எழும்பூர், நெல்லை எக்ஸ்பிரஸ். சனி, ஞாயிறு தாமிரபரணிக் கரையில் பஸ்ஸிலும் நடையிலும். ஞாயிறு இரவு திரும்ப ரயில். ஆகவே லேப்டாப்பை விட்டுவிட்டு வர முடியாது. எப்போதாவது வாகைக்குளத்திலிருந்து விமானம்.

"போன் கேமரா போதாதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். போதாது. தேய்ந்த எழுத்தைப் படிக்க வெளிச்சம் பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரி விழவேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் நிழல் தங்கும். கேமராவை டிரைபாடில் அசையாமல் வைத்து, டார்ச்சை மட்டும் திசை மாற்றிப் பல படங்கள் எடுக்க வேண்டும். அந்தப் படங்களை ஒன்றுசேர்த்து, வெளிச்சத்தைத் திரையில் நம் இஷ்டத்துக்குத் திருப்பிப் பார்க்கும் கணக்கை 2001-ல் எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழு வெளியிட்டது. மானூரில் சபை உறுப்பினர் தகுதிகளைச் சொல்லும் கல்வெட்டு, உத்திரமேரூருக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது, வட்டெழுத்துதான். இந்த ஆற்றங்கரையில் வட்டெழுத்து படிக்க ஆசைப்படுகிறவன் டிரைபாடும் டார்ச்சும் தூக்கித்தான் ஆகவேண்டும்.

சரி, எடைக்கு வருவோம். வீட்டுச் சமையல் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். லேப்டாப் 1.6 கிலோ, அதன் சார்ஜர் 0.4, லென்சோடு கேமரா 0.9, டிரைபாடு 1.1, இரண்டு டார்ச் 0.3, பவர் பேங்க் 0.45, ஒரு லிட்டர் தண்ணீர் 1, துணிமணி 0.8, நோட்டு, அளவுகோல், பிரஷ் எல்லாம் 0.4. மொத்தம் 6.95. இதைப் போட்டுத் தூக்கிய கேமரா பை, காலியாக இருக்கும்போதே 1.7 கிலோ! ஆக 8.65. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான். தண்ணீரைக் கொட்டினாலும் 7.65. பஞ்சும் தடுப்பும் ஜிப்புமே நம் அளவில் கால்வாசியைத் தின்றுவிடுகின்றன. கடையில் எல்லோரும் எத்தனை லிட்டர் என்றுதான் கேட்கிறோம். காலிப் பை எத்தனை கிலோ என்று கேட்டால் கடைக்காரரே யோசிக்கிறார்.

ஆனால் முதுகைப் படுத்தியது எடை மட்டும் இல்லை. அந்தப் பையில் லேப்டாப் அறை வெளிப்பக்கம் இருந்தது, முதுகிலிருந்து 22 செ.மீ. தள்ளி. பொறியியல் முதலாம் ஆண்டில் படித்த திருப்புத்திறன் ஞாபகம் இருக்கிறதா? எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். 1.6 × 22 = சுமார் 35. அதே லேப்டாப் முதுகை ஒட்டி 3 செ.மீ.யில் இருந்தால் 1.6 × 3 = சுமார் 5. ஒரே பொருள், ஏழு மடங்கு வித்தியாசம். பை பின்னால் இழுக்கிறது, விழாமல் இருக்க நாம் முன்னால் சாய்கிறோம், அந்தச் சாய்வை நாள் பூராவும் பிடித்து நிற்பது இடுப்புத் தசை. ஒல்லியான பை நல்லது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இதை நம் ஊர்ப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். சும்மாடு கூட்டி, அதன்மேல் ஓலைப்பெட்டியையோ குடத்தையோ வைத்து வரப்பில் நடக்கிறவர்களுக்குச் சுமை நேராக முதுகெலும்பின்மேல் இறங்குகிறது, முன்னும் பின்னும் இழுப்பு இல்லை. 1986-ல் நேச்சர் இதழில் கென்யாவின் லுவோ, கிகுயு பெண்களை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தூக்கி நடந்தும் அவர்களுக்குக் கூடுதலாக ஆற்றல் செலவாகவில்லை. அதற்காக லேப்டாப்பைத் தலையில் வைத்துக்கொண்டு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நடக்க முடியாதுதான். கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்கட்டும். துணி அடியிலும் வெளிப்பக்கமும் போகட்டும். என் பாதி வலி இந்த அடுக்கு முறையிலேயே குறைந்தது, பையை மாற்றும் முன்பே.

ஜோல்னாப் பை? எழுத்தாளர்களுக்கு அழகாகத்தான் இருக்கிறது, நானும் அதில்தான் தொடங்கினேன். ஒரே தோளில் தொங்குவதால் அந்தத் தோள் உயர்ந்து, இடுப்பு எதிர்ப்பக்கம் ஒடிந்து நிற்கும். இரண்டு கிலோ வரை சரி. டிராலி இந்த வேலைக்கு ஆகாது. வாய்க்கால் கரையிலும் கோயில் படியிலும் சக்கரத்துக்கு என்ன வேலை?

பட்டையைப் பற்றி ஒன்று. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அதிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளந்தால் அதுதான் உங்கள் முதுகு நீளம். பை அதைவிட நீளமாக இருந்தால் அடிப்பாகம் பிட்டத்தில் இடிக்கும். ஆளின் உயரமும் முதுகு நீளமும் ஒன்றல்ல. என்னைவிடக் குள்ளமான என் தம்பிக்கு முதுகு என்னைவிட நீளம். பட்டை வெளியே நழுவாமல் பிடிக்க மார்புப் பட்டை அவசியம். ஏழு கிலோவுக்குள் என்றால் தடித்த இடுப்புப் பட்டை வேண்டாம், பஸ்ஸில் அடுத்தவர் மேல் மாட்டும்.

அடுத்தது, எப்படித் திறக்கிறது. மேலே மட்டும் திறக்கும் பை கிணறு மாதிரி, வேண்டியது எப்போதும் அடியில்தான். சூட்கேஸ் போல முழுக்க விரியும் பை வேண்டும். அதிலும் முதுகுப் பக்கம் திறந்தால் இன்னும் நல்லது. பிராகாரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, வௌவால் எச்சம் எல்லாம் உண்டு. வெளிமுகம் தரையில் படட்டும், நம் சட்டையில் படும் பக்கம் மேலே இருக்கட்டும். டார்ச்சும் தகடும் மட்டும் பக்கவாட்டு அறையில். அதில் வேறு எதுவும் போடுவதில்லை என்று சபதம்.

துணி விஷயம் சுருக்கமாக. பழைய பையின் உள்பக்கம் ஒட்டிப் பிசுபிசுக்கிறதா? அது பாலியூரித்தேன் பூச்சு. ஈரக்காற்றில் சிதையும், அலமாரியில் பூட்டி வைத்தால் சீக்கிரமே. மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டிய மாவட்டத்துப் பக்கம் அலைகிறவன் அதை மட்டும் நம்பக்கூடாது. நோட்டும் கேமராவும் பைக்குள்ளேயே இன்னொரு தடித்த பாலித்தீன் பைக்குள் இருக்கின்றன.

விமானத்தில் பவர் பேங்கும் உபரி பேட்டரிகளும் கைப்பையில்தான் வரவேண்டும், செக்-இன் லக்கேஜில் கூடாது. வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 74, பிரச்சினை இல்லை. ஏடிஆர் விமானத்தில் மேல்தட்டு சிறியது. விறைப்பான பெட்டி நுழையாத இடத்தில் துணிப் பையை அமுக்கி நுழைத்துவிடலாம்.

கடைசியில் வாங்கியது 28 லிட்டர் சாதாரண முதுகுப் பை, காலியாக 0.9 கிலோ. கேமராவுக்குத் தனிப் பஞ்சுப் பெட்டி கிடையாது, ஒரு தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி வைக்கிறேன். கோயிலில் கையும் துடைக்கலாம். தண்ணீர் இல்லாமல் 6.85. உள்ளே மடித்து ஒரு மஞ்சப்பை. கோயில் வாசலில் பெரிய பையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, படம் எடுக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வேண்டியதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போவேன்.

வாங்கும்போது ஒன்று செய்தேன், நீங்களும் செய்யலாம். காலிப் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாப் பையும் சுகம்தான். வண்ணாரப்பேட்டைக் கடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு கொண்டுபோய், பைக்குள் அடுக்கி, கடைக்குள்ளேயே பத்து நிமிஷம் நடந்தேன். கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பை வாங்க வந்தியளா, தண்ணி விக்க வந்தியளா?" என்றார். மூன்றாவது பையில் தோள் கடுக்கவில்லை.

டிரைபாடு மட்டும் இன்னும் உள்ளே அடங்கவில்லை. மடக்கினாலும் எட்டு செ.மீ. நீளம் கூடுதல். பக்கத்தில் கட்டித் தொங்கவிடுகிறேன். பாபநாசம் பஸ்ஸில் ஏறினால் பத்தமடை தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் முழங்கையில் இடித்துவிடுகிறது. "அண்ணாச்சி, அந்த இரும்ப எறக்கி மடியில வச்சிக்கிடுங்க" என்கிறார் கண்டக்டர். வச்சுக்கிடுதேன்.